கால் தூக்கிப் பார்க்கிற மனிசி

அபாய மணி அடித்தால் எல்லோரும் ஓடுவார்கள். அவர் மட்டும் மூன்று சில்லு வைத்த வட்டக் கதிரையைக் காலால் இழுத்து, நோயாளியின் பக்கத்தில் போட்டு, அதில் இருப்பார். இருந்து பார்ப்பார். முதலில் ஆளின் முகம், பிறகு கைவிரல், பிறகு முழங்கால். கடைசியாகத்தான் மேலே தொங்குகிற திரை. அந்தக் கதிரையை நான் பத்தொன்பது வருடம் துடைத்தேன். அதன் சில்லில் சுற்றிக்கொள்ளும் தலைமயிரை ஊசியால் கிளறி எடுத்தவள் நான். மற்றக் கதிரைகளின் இருக்கை புதிதாக இருக்க அது மட்டும் நடுவில் குழிந்து போயிருந்தது. அதனால் அவர் எவ்வளவு நேரம் அதில் இருந்திருப்பார் என்று மற்றவர்களைவிட எனக்குத் தெரியும்.

ஹம்பேர்க்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அவர் அங்கே தாதி. நான் அங்கே துப்புரவு வேலை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மூச்சு இயந்திரம் பூட்டிக் கிடக்கிறவர்களின் அறையைத் துடைக்கத் தனி முறை உண்டு. எந்த நிறத் துணி எந்த இடத்துக்கு, எந்த மருந்துத் தண்ணீர் எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும், எல்லாம் கணக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், போத்தல்களில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் ஜெர்மன் எழுத்தே பழகினேன். நான் துடைத்த மூலையில் தூசி பிடித்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை.

அவருடைய பெயரை எழுதவில்லை. அவர் விரும்பமாட்டார். எங்களுக்குள் அவருக்கு வேறு பெயர் இருந்தது. என்னோடு வேலை செய்த மன்னார்க்காரி றீற்றா வைத்த பெயர், கால் தூக்கிற மனிசி. ஐம்பது தாண்டியவர். குட்டையாக வெட்டிய நரைத்த தலை. மரக்கட்டை அடி வைத்த செருப்பு. நெஞ்சில் தலைகீழாகக் குத்திய ஒரு மணிக்கூடு. சிரிப்பு வரும், ஆனால் பிந்தி வரும். நீங்கள் சொன்ன பகிடிக்கு அவர் சிரிக்கும்போது நீங்கள் அடுத்த அறைக்குப் போயிருப்பீர்கள்.

எங்களுடைய தொடக்கம் நல்லதாக இல்லை. நான் அங்கே போன முதல் மாதம். ஒரு அறையில் நிலம் துடைத்துக்கொண்டு போகையில் என் தடியின் நுனி கட்டிலில் இடித்துவிட்டது. பெரிய இடி இல்லை. அவர் கதிரையில் இருந்தபடி கையை உயர்த்தினார்.

"இப்ப கட்டிலைத் தொடாதேங்கோ. வெளியிலை நில்லுங்கோ."

அவர் பேசிய ஜெர்மனை நான் எங்கள் கதையில்தான் எழுதுகிறேன். மரியாதை அப்படியேதான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. தொடாதே என்று சொல்லக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு எங்கே போய்க் குத்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் நான் அவருக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அது இன்னும் கோபம்.

பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டுக் காட்டினார். திரையில் ஒரு சிவப்புக் கோடு அலை அலையாக ஓடியது. நாடிக்குள் ஊசி வைத்து எடுக்கிற இரத்த அழுத்தம் அது. "பாருங்கோ, மெசின் மூச்சை உள்ளை தள்ளேக்கை இந்த அலை கூடிக் குறையுது. காத்திலை கொடியிலை போட்ட உடுப்பு மாதிரி ஆடுது. ஆடினால் உடம்புக்குள்ளை இன்னும் தண்ணிக்கு இடம் இருக்கலாம். நீங்கள் கட்டிலை இடிச்சால் அதுவும் ஆடும். எந்த ஆட்டம் எது எண்டு எனக்குத் தெரியாமல் போயிடும்." இவ்வளவுதான் விஷயம். ஆறு மாதக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றைக்கு அவருடைய கதிரையை இரண்டு தரம் துடைத்தேன்.

அவருடைய வாயில் எப்போதும் ஒரு சொல் இருக்கும். எர்ஸ்ட் குக்கன். முதல் பார்ப்பம் என்று அர்த்தம். தைப்பொங்கலுக்கு நான் உழுந்துவடை கொண்டுபோனால் மற்றத் தாதிகள் எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணீர் விடுவார்கள். அவர் எர்ஸ்ட் குக்கன் என்று சொல்லி, வடையை இரண்டாகப் பிய்த்து, மிளகாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கிவிட்டு, பிறகு ஐந்து வடை தின்பார்.

கால் தூக்குகிற கதைக்கு வருகிறேன். கிருமி இரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்து, மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறவர்களுக்கு முதலில் சேலைன் ஏற்றுவார்கள். ஏற்றத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் உயிர் நிற்கிறது. குறைந்தால் சிறுநீரகம் காயும். கூடினால் நுரையீரல் நனையும். அதற்கு அவர் செய்கிற வேலை இது. அரைவாசி நிமிர்த்திக் கிடக்கிற நோயாளியின் கட்டிலைப் பொத்தானை அமர்த்தித் தலைப்பக்கம் பதித்துக் கால்பக்கம் உயர்த்துவார். காலில் நிற்கிற இரத்தம் ஒரு குவளை அளவுக்கு நெஞ்சுக்கு ஓடி வரும். இதயம் அதை வாங்கிக்கொண்டு முன்னையைவிடக் கூடத் தள்ளினால் அந்த உடம்பு தண்ணீரால் பிழைக்கும். தள்ளாவிட்டால் ஊற்றிப் பயன் இல்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் காலை இறக்கினால் வந்த இரத்தம் வந்த வழியே போய்விடும். உடம்பில் ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேச முடியாத ஆளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, அவர் சொல்கிற பதிலையும் வாங்கிக்கொள்வது. நான் கண்ணாடிக்கு வெளியே வாளியோடு நின்று அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் மயிர் கூச்செறியும்.

அவர் பார்த்தவர்கள் எல்லோரும் எழும்பி நடந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கேட்டும் பார்த்தும் போனவர்கள் இருக்கிறார்கள். ஆள் போனபிறகும் அவர் கொஞ்ச நேரம் அதே கதிரையில் இருப்பார். பிறகு எழுந்து யன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பார். அதன் பிறகுதான் என்னை உள்ளே கூப்பிடுவார். நான் துடைக்கப் போகையில் கதிரை சூடாக இருக்கும்.

என்னுடைய காலையும் அவர் தூக்கியிருக்கிறார். கந்தசஷ்டி ஆறாம் நாள். நான் அன்றைக்குத் தண்ணீரும் குடிக்காத விரதம். விரதம் என்று லீவு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. காலை பத்து மணிபோல விறாந்தையில் வாளியைத் தள்ளிக்கொண்டு போனேன். வெள்ளைச் சுவர் கறுப்பாகியது. கண் திறந்தபோது நான் நிலத்தில் கிடக்கிறேன், என் இரண்டு காலும் யாரோ கவிழ்த்து வைத்த என்னுடைய வாளியின் மேலேயே கிடக்கின்றன. பக்கத்தில் வட்டக் கதிரை. அதில் அவர். என் விரல் நுனியை அழுத்திப் பிடித்து, விட்டு, நிறம் திரும்பி வர எத்தனை எண்ணுகிறது என்று பார்க்கிறார்.

"தண்ணி குடியுங்கோ."

"ஏலாது. விரதம்."

றீற்றா ஓடி வந்தாள். "அக்கா, குடியுங்கோ. முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்."

"நீ வேதக்காரி, உனக்கு முருகனைப் பற்றி என்ன தெரியும்?"

"எங்கடை தவசுகாலத்திலை நாங்கள் தண்ணி குடிக்கிறம்தானே. கர்த்தர் கோவிச்சவரே?"

"அதுதான் நீ இந்தப் பருமன்."

நாங்கள் தமிழில் சண்டை பிடிப்பதை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எப்போது குடிக்கலாம் என்று கேட்டார். நாளைக்கு விடிய, கோயிலுக்குப் போய் வந்து, என்றேன். என் விரலைத் திரும்ப அழுத்தினார்.

"சரி. இப்ப உங்கடை காலிலை இருக்கிற தண்ணி உங்கடை நெஞ்சுக்கு வருது. அது உங்கடை தண்ணிதானே. குடிச்சதாகாது. விரதம் முறியேல்லை."

எங்கள் ஐயர் இவ்வளவு தெளிவாக ஒரு விளக்கம் சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் அப்படியே கிடந்தேன். கூரையில் இருந்த வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பின. பிறகு அவர் எழுந்து, "ஆனால் பின்னேரம் திரும்பத் தலை சுத்தினால் இஞ்சை வாங்கோ, உங்கடை கடவுள் கொஞ்சம் பொறுக்கட்டும். அப்ப நான் ஊத்துவன், கேக்கமாட்டன்" என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்குத்தான் றீற்றா அந்தப் பெயரை வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை.

இதெல்லாம் முன்கதை. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து என் கணவர் அந்த மூன்றாம் மாடிக்கு வந்தார். நாலு நாளாக வயிற்றுக்குள் குத்துகிறது என்று மல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்த மனிதர். ஐந்தாம் நாள் காய்ச்சலில் நடுங்கி, மகளைப் பார்த்து யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார். பித்தப்பையில் பிடித்த கிருமி இரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. சீழை வெளியே எடுத்தார்கள். ஆனாலும் பிரஷர் நிற்கவில்லை. நித்திரையாக்கி, குழாய் வைத்து, மூச்சு இயந்திரத்தில் விட்டார்கள்.

ஆயிரம் தரம் நான் துடைத்த கதவு. இந்த முறை வெளியே நின்று மணி அடித்துக் காத்திருந்தேன். திறந்தது அவர்தான். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "ஐஞ்சாம் அறை. நீங்கள் துடைச்ச அறை" என்றார். அது எனக்குப் போதும்.

முதல் நாள் சேலைன் போத்தல் போத்தலாக ஏறியது. இரண்டாம் நாள் பார்த்தால் என் கணவரின் முகம் அவருடையதாக இல்லை. கண் இமை வீங்கி மூடிப்போய், கை விரல்கள் ஒவ்வொன்றும் கப்பல் வாழைப்பழம்போல. காலை பத்து மணிக்குச் சேலைனை நிறுத்திவிட்டார்கள். பிரஷர் இன்னும் கீழேதான். அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருந்து அவருடைய தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணி, அண்ணைக்குத் தண்ணி விடுகினமோ?"

"விட்டவை. இப்ப நிப்பாட்டிப் போட்டினம்."

"என்னத்துக்கு நிப்பாட்டினவை? பிரஷர் இறங்கினால் சேலைன் ஏத்த வேணுமெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் பேசாமல் நிக்கிறியளோ? பத்தொன்பது வருஷம் அங்கை வேலை செய்தனீங்கள், உங்கடை சொல்லுக்கு ஒரு மதிப்பில்லையே?"

கடைசி வார்த்தை சரியான இடத்தில் பட்டது. நான் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

"தண்ணி குடுங்கோ" என்றேன். "தாகத்தோடை ஒருத்தரைக் கிடத்தி வைக்கிறது எங்களிலை பாவம்."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். போர்வையை விலக்கி என் கணவரின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் போன இடத்தில் குழி அப்படியே நின்றது.

"தண்ணி குடுத்திருக்கு. இஞ்சை நிக்குது. இரத்தக் குழாய்க்குள்ளை நிக்குதில்லை, கசிஞ்சு வெளியிலை வந்திட்டுது. துணி நனைஞ்சு முடிஞ்சால் நீங்கள் என்ன செய்வியள்?"

"பிழிவன்."

"பிழியாமல் மேலை மேலை ஊத்தினால்?"

"நிலத்திலை நிக்கும்."

"ஓம். இவருக்கு நிலம் எண்டிறது நுரையீரல்."

நான் செருகிய சேலையை இறக்கிவிட்டேன். என் தொழிலை வைத்தே எனக்குச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் திரும்பவும் பிரஷர் விழுந்தது. மணி அடித்தது. டொக்டர் வந்தார், தாடி வைத்தவர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய். அரை லீற்றர் கெதியாக விடுவோம் என்றார். கால் தூக்கிற மனிசி கதிரையில் இருந்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல் கால்."

டொக்டர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

எத்தனை பேருக்கு இதைச் செய்யப் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டிலில் கிடக்கிறது உன்னுடைய மனிதன் என்றால் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடும். நான் கால்மாட்டில் நின்றேன். பொத்தானை அமர்த்த, தலைப்பக்கம் கீழே போனது. கால்பக்கம் மெதுவாக உயர்ந்து, வீங்கிய இரண்டு பாதமும் என் முகத்துக்கு நேரே வந்து நின்றன. நாற்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பாதங்களை நான் அவ்வளவு உயரத்தில் கண்டது இல்லை. கல்யாணத்தன்று குனிந்து தொட்டேன். இனித் தொடுவது உயிர் போய் அவரை வளர்த்தியிருக்கிற நாளில்தான். அந்த நாள் இதுதான், அதற்குத்தான் எனக்கு நேரே உயர்த்துகிறார்கள் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. விழுந்து இரண்டு பாதத்தையும் கட்டிப்பிடித்து, உள்ளங்காலில் முகத்தை வைத்துக் கத்தி அழுதேன். பாதம் ஈரத் துணிபோலக் குளிர்ந்தது.

டொக்டரின் குரல் கேட்டது. "ஏறுது. நல்லா ஏறுது. தண்ணி எடுக்குது. சேலைனை விடுங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன். இதயம் ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று காட்டுகிற இலக்கம் உண்மையிலேயே உயர்ந்திருந்தது. டொக்டரின் கை சேலைன் குழாயின் பூட்டுக்குப் போனது. அந்தப் பூட்டின் மேல் ஏற்கனவே ஒரு கை இருந்தது. கால் தூக்கிற மனிசியின் கை.

"இல்லை" என்றார் அவர். "அவவின்ரை கை அந்த இலக்கத்துக்குள்ளை இருக்கு."

"ஆள் ஆழ்ந்த நித்திரையில். அவவுடைய கை ஒண்டும் செய்யாது."

"நாடித்துடிப்பும் சேர்ந்து ஏறினது. இது காலிலை இருந்து வந்த இரத்தத்தாலையோ, மனிசி தொட்டதாலையோ? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

டொக்டர் கையை இழுத்துக்கொண்டார். நானும் அழுகையை நிறுத்திவிட்டேன். பிழை செய்துவிட்டேன் என்று விளங்கியது. அதற்குக் கீழே வேறொன்றும் விளங்கியது. அவ்வளவு மருந்துக்கும் அவ்வளவு நித்திரைக்கும் அடியில் கிடந்துகொண்டு, அந்த மனிதர் என் கையை அறிந்திருக்கக்கூடும். வேறு யாராவது என்றால் அதைச் சொல்லி என்னைத் தேற்றியிருப்பார்கள். அவர் அதைச் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தெரியாது என்றார். தெரியாததை வைத்துக்கொண்டு ஊற்றமாட்டேன் என்றார்.

"பழையபடி படுக்க வைப்பம். ஐஞ்சு நிமிசம் விடுவம். திரும்பக் கேப்பம்."

கட்டில் இறங்கியது. என்னை வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். தொடாதேங்கோ, வெளியிலை நில்லுங்கோ. அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் என்னிடம் வந்து, நெஞ்சில் குத்தியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, ஒரு துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்கள் நேரம் பார்க்க வேணும். கால் உயர்ந்து நிண்டதிலை இருந்து செக்கன் முள்ளு ஒருக்காச் சுத்தி வர, யெற்ஸ்ற் எண்டு சொல்லுங்கோ. இப்ப எண்டு. மற்றக் கையாலை உங்கடை சேலையைப் பிடிச்சிருங்கோ."

எண்ண எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதங்கள் திரும்பவும் எழும்பி என் முன்னால் வந்தன. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து. இருபது. இடது காலின் சின்ன விரலில், மீன் கடைக் குசினியில் வேலை செய்த காலத்தில் கத்தி விழுந்த தழும்பு வீக்கத்தில் விரிந்து மினுங்கியது. முப்பது. என் கை சேலையோடு இறுகியது. நாற்பது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று அன்றைக்குப் பார்த்தேன். ஐம்பது. தொட்டால் ஏறும். தொடாமல் நின்றால் உண்மை தெரியும். அறுபது.

"யெற்ஸ்ற்" என்றேன்.

இலக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் ஒரு தரம் பார்த்தார், பிறகு திரும்பவும் பார்த்தார். "வேண்டாமாம்" என்றார். டொக்டர் ஒரு கருவியை நெஞ்சில் வைத்து இதயத்தையும் நுரையீரலையும் திரையில் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்துவிட்டு அவரும் அதையே சொன்னார். சேலைன் குழாய் பூட்டியபடி இருந்தது. தளர்ந்துபோன இரத்தக் குழாயை இறுக்குகிற மருந்தைக் கூட்டினார்கள். நான் வாய்விட்டுக் கேட்ட தண்ணீரை, என் வாயாலேயே நேரம் சொல்லி நிறுத்தியிருக்கிறேன்.

கால் தூக்கிற மனிசியின் வேலை நேரம் இரண்டரைக்கு முடிந்தது. உடுப்பு மாற்றப் போகாமல் கதிரையில் வந்து இருந்தார். பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஒரு இடத்தைப் பிடித்தது. விரல் நுனியை அழுத்தினார், விட்டார். முழங்காலை அழுத்தினார், விட்டார். நாலு மணிபோல என்னைப் பார்த்துக் கையால் கூப்பிட்டார். கட்டிலின் பக்கத்தில் தொங்கிய சிறுநீர் அளக்கிற பெட்டிக்கு நேரே இரண்டு பேரும் குனிந்தோம். குழாயின் நுனியில் ஒரு மஞ்சள் துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்படிப்பட்ட மஞ்சளைப் பத்தொன்பது வருடம் நான் நிலத்தில் இருந்து துடைத்தேன். அன்றைக்குக் கும்பிட்டேன்.

ரொறன்ரோவில் இருந்து திரும்பவும் எடுத்தாள்.

"அண்ணி, தண்ணி குடுத்தவையோ?"

"கேட்டுப் பார்த்தவை. வேண்டாமாம்."

"ஆரைக் கேட்டவை?"

"கொண்ணையைத்தான், உன்ரை அண்ணையைத்தான்."

அவள் பேசாமல் இருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். கண் விழித்தவர் முதலில் சொன்னது தண்ணி. சத்தம் வரவில்லை, வாய் அசைந்ததில் தெரிந்தது. மகள் போத்தலைத் திறந்துவிட்டாள். கால் தூக்கிற மனிசி அதை வாங்கி மேசையில் வைத்தார். எர்ஸ்ட் குக்கன். குழாய் கிடந்த தொண்டை விழுங்க மறந்திருக்கும், தண்ணீர் பிழையான வழியில் போய்விடும் என்றார். ஒரு மாவைக் கலந்து தண்ணீரைக் கஞ்சிபோலத் தடிப்பாக்கினார். அதன் பிறகு கரண்டியைத் தன் கையில் வைத்திருக்கவில்லை, எனக்கு நீட்டினார்.

"நீங்கள் குடுங்கோ. மற்றக் கை இஞ்சை."

என் இரண்டு விரலை எடுத்து என் கணவரின் தொண்டை மணியில் வைத்தார். ஒரு கிழமைக்கு முன் தொடாதே என்று சொல்ல வேண்டியிருந்த கையை, இப்போது அவரே பிடித்து வைக்கிறார். அரைக் கரண்டி ஊட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் கால் தூக்கிற மனிசியைப் பார்த்தேன். அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் விரலுக்குக் கீழே அந்த மணி மேலே ஏறி, இறங்கியது.

"யெற்ஸ்ற்" என்றேன்.

அவர் சிரித்தார். இந்த முறை பிந்தவில்லை.

அடுத்த வருடம் வடை கொண்டுபோனபோது அவர் வேலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் எங்கேயோ போய்விட்டார் என்று றீற்றா சொன்னாள். வட்டக் கதிரை இருந்தது. வேறு ஒருவர் அதில் இருந்தார், ஆனால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, எழும்ப ஆயத்தமாக.

என் கணவருடைய இதயம் முன்போல இல்லை. குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு, கால் வீங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். காலையில் தேத்தண்ணீர் வைத்துவிட்டு நான் அவர் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருப்பேன்.

"ஒரு மனிசன் தேத்தண்ணி குடிக்கிறதெண்டாலும் முதல் காலைக் காட்ட வேணுமோ?" என்பார்.

"காட்டத்தான் வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே சாரத்தை உயர்த்திக் காலை என் மடியில் வைப்பார். நான் எலும்பின் மேல் பெருவிரலை அழுத்தி, எடுத்து, பார்த்துக்கொண்டிருப்பேன். குழி மெதுவாக நிரம்பித் தோல் மட்டமாகும். அதன் பிறகுதான் ஊற்றுவேன்.